ஒற்றை வளையத்தில் பழகியவர்கள்

கூடைப்பந்தை முதன்முதலாகக் கையில் கொடுத்தபோது ஏழாம் வகுப்புப் பெண்கள் அதை மோந்து பார்த்தார்கள். புது ரப்பர் வாசனை. ஒருத்தி கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். இன்னொருத்தி கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தாள். "ம், விளையாடுங்க" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் யாரோ அதை ஓங்கி உதைத்துவிட்டார்கள். பந்து சமையல்கூடத்து ஓட்டின் மேல் விழுந்து உருண்டு, மதியச் சாம்பார் சட்டி இன்னும் இறக்கப்படாத வெளி அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி இறங்கியது. சத்துணவு அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"இன்னாது டீச்சர் இது, பூசணிக்காயா?"

கல்வராயன் மலை மேலிருந்த அந்த நடுநிலைப்பள்ளியில் நான் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. சொந்த ஊர் திருநாவலூர் பக்கம். வேலைக்காகக் கள்ளக்குறிச்சியில் குடியிருந்தேன். அப்போது அது மாவட்டத் தலைநகர் ஆகியிருக்கவில்லை. காலையில் பஸ் ஏறினால் கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி, வளைவு வளைவாக மேலே போய்ச் சேரும்போது பிள்ளைகள் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் கடைசி பஸ்ஸில் மலை இறங்கிவிடுவேன்.

கூடைப்பந்து அங்கே வந்ததற்கு நான் மட்டும் காரணம் இல்லை. கீழே நகரத்துப் பள்ளி ஒன்று தன் மைதானத்துக்குப் புது வளையங்கள் வாங்கியபோது, பழையதில் ஒன்றைப் பலகையோடு எங்களுக்குத் தந்தது. இன்னொன்று உடைந்துபோயிருந்ததால் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுதான். எங்கள் தலைமை ஆசிரியர் அதை வாங்கிப் பொருள் அறையில் பத்திரப்படுத்தினார். நல்ல மனிதர். ஆனால் எந்தப் புது விஷயம் வந்தாலும் இதனால் எது உடையும் என்றுதான் முதலில் யோசிப்பார்.

"டீச்சர், கோகோ இருக்கு, கபடி இருக்கு. ஒண்ணும் வாங்க வேணாம், ஒண்ணும் உடையாது. இது எதுக்கு?" என்றார்.

"ரிங் சும்மா கெடக்குதே சார்."

"எங்க சும்மா கெடக்குது? அரிசி மூட்டைக்கு முட்டுக் குடுத்திருக்கு."

"காலேஜ்ல நான் இதான் சார் ஆடினேன்."

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நான் குள்ளம். நின்றுகொண்டு பேசும்போதுகூட, உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்று நினைத்து எதிரில் இருப்பவர்கள் நாற்காலி வேண்டுமா என்று கேட்காத அளவுக்குக் குள்ளம்.

"நீங்களா?"

"நான் கூடையில போடறவ இல்ல சார். பந்தக் கொண்டுபோய்ச் சேக்கறவ."

அவருக்கு என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அரிசி மூட்டைக்கு வேறு முட்டு வைக்கப்பட்டது.

மலையில் சமதளம் என்பது கிடைக்காத பொருள். பள்ளியில் இருந்த கொஞ்சம் சமமான இடத்தில் பையன்கள் வாலிபால் வலை கட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்தது சமையல்கூடத்துக்கும் பக்கத்து மரவள்ளிக் கொல்லைக்கும் நடுவே ஒரு சரிவு. அங்கேதான் பழைய குடிநீர்க் குழாயை நட்டு, பலகையைக் கட்டி, வளையத்தை மாட்டினோம். குழி தோண்டியது பிள்ளைகளின் அப்பாக்கள். வளையத்துக்கு வலை இல்லை. கோமுகி அணையில் மீன் பிடிப்பவரிடம் கிழிந்த வலை ஒரு துண்டு கேட்டு வாங்கி நானே கட்டினேன். முதல் வாரம் பூராவும் அந்த வளையத்தடியில் மீன் வாசம் அடித்தது.

பையன்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாலிபாலுக்கே போய்விட்டார்கள். "கூடை தூக்கறதெல்லாம் பொம்பளைங்க வேல டீச்சர்" என்றான் ஒருவன். அதனால் அந்தச் சரிவு முழுதும் பெண்களுக்கே கிடைத்தது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்று ஒரு வகுப்பறை கொள்ளும் கூட்டம்.

பந்தைத் துள்ளவிடுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளங்கையால் அறையக் கூடாது, விரல்களால் தள்ள வேண்டும். பார்வை பந்தின் மேல் இருக்கக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். அந்தத் தரை ஒத்துழைக்க வேண்டுமே! ஒரு முறை நேராக எழும்பும் பந்து, அடுத்த முறை ஒரு சின்னக் கல்லில் பட்டு முழங்காலில் அடிக்கும், மூன்றாம் முறை மரவள்ளிக் கொல்லைக்குள் போய்விடும். கொல்லைக்காரர் ஆரம்பத்தில் சத்தம் போட்டார். பிறகு அவரே வேலியோரம் நின்றுகொண்டு, "இந்தாண்ட, இந்தாண்ட பூந்துச்சி" என்று வழிகாட்ட ஆரம்பித்தார்.

பெண்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பந்தை உயரமாகத் துள்ளவிட்டால்தானே வம்பு? குனிந்து, முழங்காலுக்குக் கீழேயே வைத்து, டப டபவென்று தட்டிக்கொண்டு போனார்கள். பல வருஷம் ஆடுகிறவர்களுக்கே அப்படித் தாழ்த்தித் தட்ட வராது. நான் எதிரே பின்னால் நடந்தபடி விரல்களைக் காட்டுவேன். அவர்கள் பந்தைப் பார்க்காமல் என் விரல்களை எண்ணிச் சொல்ல வேண்டும். "மூணு! அஞ்சு! டீச்சர், மோதிரம் புதுசா?" என்பாள் ஒருத்தி. அவள் ஆறாம் வகுப்பு வாயாடி. உருவத்தில் என்னையும்விடச் சின்னவள். பேச்சு மட்டும் எல்லாரையும்விடப் பெரிது.

தடுப்பு ஆட்டம்தான் பெரும்பாடாகப் போயிற்று. எல்லாரும் கபடி ஆடி வளர்ந்தவர்கள். எதிரே ஒருத்தி வந்தால் இடுப்பைப் பிடித்துக் கீழே சாய்ப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த நியாயம்.

"தொடக் கூடாது!" என்று கத்துவேன்.

"தொடாம எப்பிடி டீச்சர் புடிக்கறது?"

"புடிக்கவே கூடாது."

"அப்ப அவ பூடுவாளே!"

"போகாம குறுக்க நில்லு. கைய விரி. அவளத் தொடாத."

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி என்று அவர்கள் முடிவு கட்டியிருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பாஸ் கொடுப்பது மட்டும் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. வீடு கட்டும் இடங்களில் மண் சட்டியைக் கைமாற்றிப் பழகிய குடும்பங்கள். எதிரே இருப்பவள் வாங்கத் தயாராக இருக்கிறாளா என்று பார்த்து, நெஞ்சு உயரத்துக்கு, சிந்தாமல் கொடுப்பார்கள். பந்து கையிலிருந்து கைக்குப் போவதைப் பார்க்க அத்தனை அழகாக இருக்கும்.

அதிலேதான் சிக்கலும் இருந்தது. யாருமே கூடையில் போட மாட்டார்கள். வளையத்துக்கு நேர் கீழே, தடுக்க ஆளில்லாமல் நிற்பவள்கூட பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிடுவாள். அவள் இன்னொருத்தியிடம். விருந்து வீட்டில் கடைசி வடையை யாரும் எடுக்காமல் தட்டு சுற்றி வருமே, அதே கதை. மணி அடிக்கும்வரை ஆடுவார்கள், ஒரு பந்தும் மேலே போகாது.

இதில் மோசம் எங்கள் நெட்டைப் பெண். ஏழாம் வகுப்பு. உயரம் என்னைத் தாண்டி வெகு தூரம் போய்விட்டவள். தனியாகப் பயிற்சி செய்யும்போது நின்ற இடத்திலிருந்து போட்டுப் போட்டு எடுப்பாள். கூட்டமாக ஆடும்போது பந்து சுடுகிறாற்போலக் கைமாற்றிவிடுவாள். ஒருநாள் அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் பாப்பா, நீ போட வேண்டியதுதானே?"

காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றாள். "போட்டு வுழலன்னா, எல்லாரும் என்னியே பாப்பாங்க டீச்சர். ஏற்கனவே ஜாஸ்தியா பாக்கறாங்க."

 குள்ளமாக இருப்பதால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நானும் அந்த வயதில் சுவரோரமாகவே நடந்திருக்கிறேன். பஸ்ஸில் மலை இறங்கும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அணைக்கட்டு தாண்டும்போது ஒரு யோசனை வந்தது.

அடுத்த முறை போனதும் எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னேன்: "இன்னைக்கு யாரும் கூடையில போடக் கூடாது. எல்லாரும் தப்பாத்தான் போடணும். ரொம்ப அழகாத் தப்பாப் போடறவங்களுக்குக் கைதட்டு. உள்ள வுழுந்தா அவுட்டு."

முதலில் புரியாமல் முழித்தார்கள். வாயாடிதான் முதலில் வந்தாள். திரும்பி நின்று தலைக்கு மேலே பின்பக்கமாக வீசினாள். பந்து சமையல்கூடத்து ஓட்டில் விழுந்தது. கைதட்டல். அடுத்தவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்; பலகைக்குப் பின்னால் போயிற்று. இன்னொருத்தி வாலிபால் பையன்கள் பக்கம் போட, அவர்கள் பந்தைத் திருப்பித் தர மறுக்க, ஒரு சின்னச் சண்டை. சிரிப்புச் சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் ஜன்னல் கண்ணாடி ஏதும் உடைந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நெட்டைப் பெண்ணின் முறை வந்தது. தப்பாகப் போட வேண்டும் என்று அத்தனை அக்கறையாகப் பலகையின் ஓரத்தைக் குறிவைத்தாள். பந்து ஓரத்தில் பட்டு, வளையத்தின் மேல் சுற்றி, உள்ளே விழுந்தது.

"அவுட்டு! அவுட்டு!" என்று கூட்டம் குதித்தது.

"நான் தப்பாத்தான்டி போட்டேன்!" என்று அவளும் கத்தினாள். அவள் குரல் அத்தனை உயரமாகக் கேட்டது அன்றுதான். மறுபடி முயன்றாள், மறுபடி உள்ளே விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் பிறகு வடைத் தட்டு சுற்றுவது குறைந்தது. நெட்டைப் பெண் மட்டும் ஆட்டம் சூடாகும்போது இன்னும் தயங்கினாள். ஆனால் எப்போதாவது போடவும் செய்தாள்.

பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டி கள்ளக்குறிச்சியில் நடக்கும் என்று செய்தி வந்ததும் பெயர் கொடுத்தேன். கூடைப்பந்துக்கு அணிகள் கம்மி. வந்தாலே ஒரு ஆட்டம் நிச்சயம். பிள்ளைகளைக் கூட்டிப் போக வீட்டில் சம்மதம் வேண்டும். நெட்டைப் பெண்ணின் அம்மாவை மட்டும் பார்க்க முடியவில்லை. கரும்பு வெட்டுக்காக மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போயிருந்தார். அவர் ஊர் திரும்பிய அன்று இடுப்பில் கைப்பிள்ளையோடு நேரே மைதானத்துக்கே வந்துவிட்டார். மகளை அழைத்துப் போகத்தான் வந்தார். ஆனால் வந்தவர் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் டீச்சர், அந்த வலைக்கு அடி இல்லியே?"

"அப்பிடித்தாம்மா இருக்கணும்."

"அடியக் கட்டிப்புட்டா பந்து உள்ளயே நின்னுக்கும். இதுங்க இத்தினி தடவ ஓடிக்கினு கெடக்க வேணாம் பாரு."

பெண்கள் எல்லாரும் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போட்டி விஷயத்தைச் சொன்னேன். கைப்பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டார்.

"இவ வந்துட்டா இந்தப் புள்ளைய யாரு பாக்கறது? நானும் வரேன். எனக்கும் டவுன்ல சாமான் வாங்கற வேல கீது."

அப்படியாக எங்கள் அணியோடு ஒரு அம்மாவும் ஒரு கைப்பிள்ளையும் புறப்பட்டார்கள். தலைமை ஆசிரியர் முதலுதவிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதில் பஞ்சு மட்டும் ஒரு தலையணைக்கு ஆகும்.

போட்டி நடந்த பள்ளியில் சிமெண்டுத் தளம். வாயாடி பந்தை ஒரு முறை தட்டினாள். நேராக எழும்பிக் கைக்கே வந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி கைக்கே வந்தது. கண்கள் விரிந்துபோயின.

"டீச்சர்! இங்க பந்து சொன்ன பேச்சு கேக்குது!"

ஆனால் அங்கே வளையங்கள் இரண்டு. எங்கள் பெண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினாலும் ஒரே வளையத்தில் போட்டுப் பழகியவர்கள். நான் முன்பே கரும்பலகையில் படம் வரைந்து சொல்லியிருந்தேன்: நாம் போட ஒரு வளையம், அவர்கள் போட ஒரு வளையம், இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும். "புரிஞ்சுதா?" என்றதற்கு "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகச் சொன்னவர்கள்தான்.

எதிரணி நகரத்துப் பெண்கள். காலில் ஷூ, முதுகில் எண். முதல் பாதியில் எங்களைவிட நிறையவே போட்டார்கள். ஆனால் எங்கள் பெண்கள் தாழ்வாகத் தட்டிக்கொண்டு போன பந்தை அவர்களால் பறிக்க முடியவில்லை. குனிந்து குனிந்து சலித்துப்போனார்கள். எங்களுக்கும் இரண்டு கூடை விழுந்தது. இரண்டும் வாயாடி போட்டது. நெட்டைப் பெண் ஒரு முறைகூடப் போடவில்லை.

இடைவேளை முடிந்து பக்கம் மாறியது. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு பந்து சிதறி நெட்டைப் பெண்ணின் கைக்கு வந்தது. அவள் திரும்பினாள். அவளுக்கும் ஒரு வளையத்துக்கும் நடுவே ஒரு ஆள் இல்லை. ஓடினாள். நான் எழுந்துவிட்டேன். "இல்ல, இல்ல, அந்தாண்ட!" என்று கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. வலது கால், இடது கால், எம்பல். நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு குறை சொல்ல முடியாமல், பந்து பலகையின் கட்டத்தில் பட்டு வளையத்துக்குள் இறங்கியது.

நாங்கள் காக்க வேண்டிய வளையத்துக்குள்.

 கோட்டுக்கு வெளியே கைப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் மட்டும் முழங்கியது: "போட்டுட்டா! எம் பொண்ணு போட்டுட்டா!"

நடுவர் எதிரணிக்கு இரண்டு புள்ளி என்று கைகாட்டினார். நெட்டைப் பெண் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எது நடக்கக் கூடாது என்று இத்தனை நாளும் பயந்தாளோ அது நடந்துவிட்டது. இனி இவள் பந்தைத் தொட மாட்டாள் என்றே நினைத்தேன்.

வாயாடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளிடம் போனாள். "ஏய் அக்கா, தப்பாப் போடற போட்டி முடிஞ்சி எவ்ளோ நாளு ஆவுது, நீ இன்னும் அதையே ஆடிக்கினு கீற!"

முதலில் சிரித்தது எட்டாம் வகுப்புக்காரி ஒருத்தி. பிறகு மற்றவர்களும். நெட்டைப் பெண் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பதறினேன். கையை எடுத்தபோது பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரணிப் பெண்களுக்கும் தொற்றிக்கொண்டது. நடுவர் விசிலை வாயில் வைத்தவர் ஊத முடியாமல் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் ஆடியதை எப்படிச் சொல்வது? பந்து வந்தால் போட்டாள். விழாததும் உண்டு, விழுந்ததும் உண்டு. விழாதபோது யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பி ஓடிப்போய்த் தடுத்தாள். ஆட்டம் முடிந்தபோது நாங்கள் தோற்றிருந்தோம். கொஞ்ச நஞ்சமாக இல்லை, நன்றாகவே தோற்றிருந்தோம். எதிரணித் தலைவி வந்து நெட்டைப் பெண்ணின் கையைக் குலுக்கி, "நீ எந்த ஸ்கூலு? அடுத்த வருஷமும் வருவியா?" என்று கேட்டாள்.

அதற்குள் அவள் அம்மா நடுவரைப் பிடித்துவிட்டிருந்தார்.

"ஏங்க, எம் பொண்ணு போட்டத எப்பிடிங்க அவுங்க கணக்குல ஏத்துனீங்க?"

"அது அவங்க போட வேண்டிய கூடைம்மா. அதுல போட்டா அவங்களுக்குத்தான் புள்ளி."

"போட்டவ இவ. ஓடுனவ இவ. புள்ளி மட்டும் அவுங்களுக்கா? நல்லா கீதுங்க உங்க ஞாயம்!"

நடுவராக வந்திருந்த அந்த இளைஞர் பொறுமையாகக் கல்லால் தரையில் கோடு கிழித்து விளக்கினார். அம்மாவும் குனிந்து கேட்டார். கடைசியில், "சரி, சட்டம்னு ஒண்ணு வச்சிக்கினு கீறீங்க, இன்னா பண்றது. ஆனா அழகாப் போட்டாளா இல்லியா, அத்த சொல்லுங்க" என்றார். நடுவர், "இன்னைக்கு விழுந்ததுலயே அதான்மா அழகு" என்றார். அவர் அதை மனசாரச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை அதுதான் உண்மை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் எல்லாரும் பரோட்டா சாப்பிட்டோம். தோற்றவர்கள் சாப்பிட்டது போல இல்லை. மலை ஏறும்போது பஸ் முழுக்க ஒரே கதை. வளைவுக்கு வளைவு வாயாடி அந்தக் கூடையை மறுபடி மறுபடி நடித்துக் காட்டினாள். நெட்டைப் பெண்ணே ஒரு கட்டத்தில் எழுந்து, "அப்பிடி இல்லடி, நான் இப்பிடி ஓடுனேன்" என்று திருத்தினாள். கண்டக்டர் உட்காரச் சொன்னார்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அடுத்த வாரம் நடந்தது. நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியும் கூடையுமாகத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் மைதானத்து வேலியோரம் நின்றார்கள். நடுவில் நெட்டைப் பெண்ணின் அம்மா. "டீச்சர், நான் ஒரே ஒரு தபா போட்டுப் பாக்கட்டா?" என்றார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். பந்தை வாங்கி, அம்மிக்கல்லைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார்.

"யம்மா, உள்ளங்கையில புடிக்காத. வெரல்ல புடி," என்றாள் மகள். "முட்டிய மடக்கு. கண்ணு வளையத்து மேல. ஆங், இப்ப வுடு."

பந்து பலகையைக்கூடத் தொடவில்லை. வேலியோரம் நின்ற பெண்கள் கெக்கலி கொட்டினார்கள். "நீ வா, நீ போடு பாக்கலாம்!" என்று ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார் அவர். பிறகு இன்னொருத்தி. என் மாணவிகள் ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன வார்த்தைகளையே, என் அதட்டலோடு, என் கையசைப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே வேலையே இல்லை. பந்து கொல்லைப் பக்கம் உருண்டபோது மட்டும் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன்.

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியர் வந்தார். ஓட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். எதுவும் உடையவில்லை. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அம்மாக்களின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றார்.